விலை யார் கையில்?

பாடசாலைப் புவியியல் வகுப்பிலே தலைமுறை தலைமுறையாக மாறாத வினா ஒன்று உண்டு. இலங்கையின் பிரதான ஏற்றுமதிப் பயிர்கள் யாவை? தேயிலை, இறப்பர், தெங்கு என்று மாணவன் ஒரே மூச்சில் விடை கூறுவான். அதற்குரிய புள்ளியையும் பெறுவான். ஆனால் இந்தப் பண்டங்களின் விலையை யார் நிச்சயிக்கிறார்கள் என்ற வினாவை எவரும் அவனிடம் கேட்பதில்லை. கேட்டால் அவனுக்கு மட்டுமன்று, வகுப்பை நடத்தும் ஆசிரியருக்கும் விடை கூறுவது எளிதன்று. நாட்டில் விளைவது எது என்பதை மனனம் செய்துவிட்டால் நாட்டின் பொருளாதாரத்தை அறிந்துவிட்டோம் என்ற மயக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. இம்மயக்கத்தைப் பற்றியே இவ்வாரம் சில சொல்ல விரும்புகிறோம்.

இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்திலே இறப்பருக்கும் அரிசிக்கும் என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் பட்டினப்பாலையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே வந்து குவிந்த பண்டங்களை அடுக்கிச் சொல்லும் புலவர், வடமலைப் பொன்னையும் தென்கடல் முத்தையும் கூறிய வாயால் ஈழத்திலிருந்து வந்த உணவையும் கூறுகிறார். அவ்வுணவு யாதென ஆராய்வது புலமையுடையோர் பணி. நமது சிந்தனைக்கு உரியது வேறொன்று. உணவை அனுப்பிய நாடென்று சங்கப் புலவரால் குறிக்கப்பெற்ற இந்நாடு, 1950ஆம் ஆண்டளவிலே தன் சோற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் கப்பலை எதிர்நோக்கியிருந்தது. இடையில் நிகழ்ந்தது என்ன?

மலைகள் காடிழந்து கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியதும் அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு உணவளிக்க இந்திய அரிசியும் பர்மா அரிசியும் கொண்டுவரப்பட்டன. தேயிலை விற்ற பணத்திலே அரிசி வாங்குவது மலிவாக இருக்கும்வரை, பாழடைந்த குளங்களைத் திருத்தி நெல் விளைவிக்க வேண்டுமென்ற அவசரம் ஆட்சியாளருக்கு இருக்கவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டபோதுதான், பிறர் வயலை நம்பிச் சோறுண்ட நாட்டின் நிலை வெளிப்பட்டது. கூப்பன் அரிசி அந்த ஆண்டில்தான் நம் வீடுகளுக்குள் நுழைந்தது.

தேயிலையின் கதை பலரும் எழுதியது. இறப்பரின் கதையோ அவ்வளவாக எழுதப்படவில்லை. ஆனால் நம் வினாவுக்கு அதுவே தெளிவான விடை தருகிறது. இறப்பர் இந்நாட்டு மரமன்று. பிரேசில் காட்டிலிருந்து 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் கொண்டுசென்ற விதைகள் இலண்டனை அடுத்த கியூ பூங்காவிலே முளைக்கவைக்கப்பட்டன. அந்நாற்றுகளில் சுமார் 1,900 அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பெற்று, கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. மோட்டார் வண்டி பெருகப் பெருகக் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் குன்றுகள் இறப்பர்க் காடுகளாக மாறின. எங்கோ டிற்றோயிற் நகரில் ஒரு தொழிற்சாலை வேகமாக ஓடினால் இங்கே புதிதாக ஒரு குன்று வெட்டித் திருத்தப்படும். அங்கே அது தளர்ந்தால் இங்கே பால் வெட்டுபவனின் கூலி குறையும். வெட்டுபவன் அந்த நகரின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டான்.

1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் வீழ்ந்தபோது நேசநாடுகளுக்குக் கிடைத்த இயற்கை இறப்பரில் பெரும்பகுதி இலங்கையினுடையதாயிற்று. உலகமே நம்மிடம் கையேந்தி நின்ற காலம் அது. கேட்ட விலை கிடைத்திருக்க வேண்டுமல்லவா? கிடைக்கவில்லை. யுத்தகாலக் கட்டுப்பாட்டின்கீழ் விலையை வாங்குபவனே நிர்ணயித்தான். மரம் செத்தாலும் பால் வேண்டுமென்று ஓய்வின்றி வெட்டும்படி ஏவப்பட்டது. பட்டையெல்லாம் சிதைந்த மரங்களுடன் 1945ஆம் ஆண்டை அடைந்தோம். அரிதான பொருள் கையிலிருந்தால் அதிகாரமும் தானே வந்துசேரும் என்று எண்ணுவோர் இந்த மூன்றாண்டுகளை நினைவில் வைத்தல் நன்று.

அதற்குப் பின் கொரியாவிலே போர் மூண்டது. போர் மூண்டால் இறப்பருக்குச் சுக்கிரதிசை என்பது வணிகர் அறிந்த சோதிடம். 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சிக்கு ஏறிய விலை 1952இல் அவ்வுச்சியின் பாதிக்கும் கீழே சரிந்தது. அதே வேளையில் அரிசி உலகச் சந்தையில் அருமையாகி, அதன் விலை ஏறிக்கொண்டே போயிற்று. விற்பதன் விலை விழுகிறது, வாங்குவதன் விலை எழுகிறது. இரண்டிலும் நமக்குப் பேச்சில்லை. மூலப்பொருளை மட்டும் நம்பி வாழும் நாடு எதுவாயினும் இந்தக் கத்தரிக்கோலின் இரு அலகுகளுக்கிடையே என்றாவது ஒருநாள் அகப்பட்டே தீரும்.

அமெரிக்காவிடம் நியாயமான விலைக்கு அரிசியும், இறப்பருக்கு நல்ல விலையும் கேட்டுப் பார்த்தார்கள்; வேண்டியது கிட்டவில்லை. அக்காலத்தில் இறப்பரைச் சீனாவுக்கு விற்பது பெரும் குற்றமாகக் கருதப்பட்டது. யுத்தத்துக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாதென்று ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்தில் தீர்மானித்திருந்தது. இலங்கை அன்று அச்சபையின் அங்கத்துவ நாடன்று. 1955 டிசம்பரில்தான் அங்கு இடம் கிடைத்தது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை வீட்டுச் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்தும்? வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா தூதுக்குழுவுடன் பீக்கிங் சென்றார். 1952 டிசம்பர் 18ஆம் தேதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து போகும். 270,000 தொன் அரிசி அங்கிருந்து வரும். ஐந்தாண்டுக்கு இந்த ஏற்பாடு. இறப்பருக்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலையிலும் கூடுதலான விலையைச் சீனா தர ஒப்பியது.

இதிலே கவனிக்கத்தக்க வேடிக்கையொன்று உண்டு. இதைச் செய்தது இடதுசாரிகளின் அரசாங்கமன்று. பொதுவுடைமையை மேடைதோறும் கண்டித்த ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கமே செய்தது. சீனாவுடன் அன்று தூதரக உறவுகூட இல்லை. அது 1957இல்தான் ஏற்பட்டது. அமெரிக்க உதவி சில ஆண்டுகளுக்கு மறுக்கப்பட்டது. இருந்தும் ஒப்பந்தம் நின்றது. ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பெற்று 1982 வரை நீடித்தது. கொள்கை வேறு, அரிசி வேறு என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவு அன்று சிலரிடம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும் நம் எழுத்தாளரும் பேச்சாளரும் இந்த ஒப்பந்தத்தைப் புகழ்ந்த அளவுக்கு, அதற்கடுத்த ஆண்டை நினைப்பதில்லை. 1953ஆம் ஆண்டு பிறந்தபோது சீன அரிசி வருவது உறுதியாகியிருந்தது. ஆயினும் ஏற்றுமதி வருவாய் குன்றிய நிலையில் வரவுசெலவுத் துண்டுவிழுதலைச் சமாளிக்க அரசாங்கம் அரிசி மானியத்தில் கைவைத்தது. 25 சதத்துக்கு விற்ற கூப்பன் அரிசி ஒரு கொத்து, ஜூலை மாதத்தில் 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால் நடந்தது. புகையிரதங்கள் நின்றன, துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின. அமைச்சரவை தரையில் கூட அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். சுதந்திரம் பெற்று ஐந்தாண்டாகியும் அடுப்பில் ஏறும் உலையின் கணக்கு வெளிநாட்டுச் சந்தைகளில் எழுதப்பட்டது. அக்கணக்குப் பிழைத்தபோது ஓர் அரசாங்கத்தின் தலைமை சாய்ந்தது.

ஆகவே ஒப்பந்தத்தைப் பற்றி நமது கருத்து இது: அது கெட்டிக்காரத்தனமான வியாபாரம், பொருளாதார விடுதலையன்று. நல்ல விலை கிடைத்தது உண்மை. 1957இல் மறுநடுகைக்குச் சீனாவின் உதவி கிடைத்ததும் உண்மை. ஆனால் புகையூட்டிய இறப்பர் ஷீட்டாகவே அப்பொருள் கப்பலேறிற்று. டயரானதும், குழாயானதும், பாதணியானதும் அக்கரையிலேயே. வாங்குபவர் மாறினார், விற்பவன் விற்ற பொருள் மாறவில்லை. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் டயர்த் தொழிற்சாலை எழும்வரை, உலகின் முன்னணி இறப்பர் நாடுகளில் ஒன்றென்று பெயர்பெற்ற நாட்டிலே பேருந்துக்கு வேண்டிய டயர்கூடக் கப்பலில் வந்தது.

விலை பேசிய மேசைகளில் ஓர் இடம் எப்போதும் வெறுமையாகவே இருந்தது என்பதையும் கூறாமல் விடமுடியாது. இறப்பரில் சிறு நிலக்காரர் பலர் உண்டு; அவர்களுட் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்தவர். பெருந்தோட்டங்களில் வெட்டியவர்களுள் கணிசமானோர் தமிழ்த் தொழிலாளர். விடியுமுன் எழுந்து, மழைக்கு வானத்தைப் பார்த்து, வெயில் ஏறுமுன் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வெட்டிய அவர்கள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கிவைத்தது. இறப்பரைத் தொன்னில் எண்ணியதுபோலவே மனிதரையும் ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள். தேயிலை மலையின் துயருக்குப் புதுமைப்பித்தனின் துன்பக்கேணி உண்டு. இறப்பர்க் காட்டின் இருளுக்கு அவ்வாறு ஆழமாக எழுதப்பெற்ற கதையொன்று நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. இது நம் எழுத்தாளர் பொறுப்பு.

மூலப்பொருள் மண்ணில் இருந்தால்தான் தொழில் வளரும் என்பாருக்குக் கொழும்பிலேயே மறுப்பு இருந்தது. வெள்ளவத்தையிலே ஒரு பெரிய நூல் நூற்கும் நெசவாலை இயங்கிற்று. இங்கே பஞ்சு விளைவதில்லை; கொட்டாஞ்சேனைக்கு அருகிலுள்ள துறைமுகத்தில் இறங்கிய பஞ்சு, தெற்கே வந்து நூலாகித் துணியாயிற்று. பஞ்சு பிறருடையது, கையும் திறனும் நம்முடையவை. இறப்பரோ நேர்மாறு, பால் நம்முடையது, திறன் பிறருடையது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. அதன் நிலத்தில் இன்று மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. வெள்ளவத்தைத் தமிழிளைஞர் பலருக்கு அங்கே ஓர் ஆலை இருந்த செய்தியே தெரியாது.

காலி வீதியில் இன்னும் தெற்கே, தெகிவளையும் கல்கிசையும் கடந்தால் இரத்மலானை. 1935இல் நாட்டின் முதல் விமானநிலையமாகத் திறக்கப்பெற்ற இடம் இதுவே. புகையிரத வேலைத்தலம் இங்கே இருக்கிறது. வீதியின் இருமருங்கிலும் நெசவு, பிளாஸ்ரிக், உலோகம், மருந்து என்று பலவகைத் தொழிற்சாலைகள் காலத்துக்குக் காலம் எழுந்தன. இவ்வூரின் மண்ணிலே தோண்டி எடுக்கத்தக்க பொருள் ஒன்றுமில்லை. அதன் வளம் துறைமுகத்தின் அண்மை, இருப்புப்பாதை, கைத்திறன் படைத்த தொழிலாளர், முதலீடு செய்யத் துணிந்த சிலர். அம்முதலீட்டாளருள் தமிழர் பலர்; அவர்களிடம் வேலைசெய்தோருள் பெரும்பாலோர் சிங்களவர்.

1983 ஜூலையில் அத்தொழிற்சாலைகளில் பல தீக்கிரையாயின. உடைமையாளர் அகதிகளாக இரத்மலானை விமானநிலையத்திலும் இந்துக் கல்லூரி வளாகத்திலும் தஞ்சம் புகுந்தபோது, அவர்களுடைய தறிகளில் நின்ற தொழிலாளர் வேலையின்றித் தெருவில் நின்றனர். மண்ணிலுள்ள பொருளை எடுத்து விற்றால் அது குறையும்; கைத்திறனோ எடுக்க எடுக்க வளரும். வளரும் அந்த ஒன்றையே கொளுத்திய நாடு இது. இதைப் பொருளாதார நூல்கள் நட்டக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுகின்றன என்று நாம் அறிய விரும்புகிறோம்.

இறப்பருக்கு மீண்டும் வருவோம். ஏனெனில் அண்மைக்கால நிலை விநோதமானது. நெடுங்காலம் ஷீட்டாக விற்ற நாடு, ஒருவாறு பாடங்கற்றுப் பொருள் செய்யத் தொடங்கிற்று. பாரந்தூக்கி வண்டிகளுக்குரிய திட டயர்களை உலகுக்கு வழங்கும் முன்னணி நாடுகளுள் இன்று இலங்கையும் ஒன்று, கையுறைகளும் போகின்றன. மகிழத்தக்கதே. ஆனால் அதே காலத்தில் தோட்டம் நலிந்துவிட்டது. 2011இல் ஒன்றரை இலட்சம் தொன்னைத் தாண்டிய இயற்கை இறப்பர் உற்பத்தி 2022இல் அதன் பாதிக்கும் கீழே இறங்கியது. முதிர்ந்த மரங்களுக்குப் பதில் மறுநடுகை போதவில்லை. இலையுதிர்க்கும் பூஞ்சண நோய் ஒருபுறம். வெட்டும் கூலிக்கு ஆள் வராமை மறுபுறம். இப்போது டயர் செய்ய இறப்பரை வெளியிலிருந்து வாங்குகிறோம்! பொருள் இருந்தபோது திறன் இல்லை. திறன் வந்தபோது பொருளை வெட்டக் கையில்லை. வெட்டுபவனின் வாழ்வை உயர்த்தாமல் தொழிற்சாலையின் கூரையை மட்டும் உயர்த்தினால் இவ்வாறுதான் முடியும் என்பது நமது துணிபு.

இனிப் புல்மோட்டையைப் பார்ப்போம். திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பை அண்டிய கடற்கரையில் கரிய மணல் கிடக்கிறது. இல்மனைற்றும், உரூற்றைலும், சேர்க்கனும் அதில் உண்டு. இதை எடுக்கவென்றே 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அன்றுதொட்டு மணல் பிரிக்கப்படுகிறது, கப்பலேறுகிறது. நெடுங்காலம் ஜப்பானுக்குப் போயிற்று. இல்மனைற்றிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் கலந்த வெள்ளைப் பொடியின்றி இன்று சுவர்ப்பூச்சு இல்லை, வெண்தாள் இல்லை, பற்பசைகூட இல்லை. அந்தப் பொடியை நாம் வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்குகிறோம். நம் கடற்கரையின் கறுப்பு, உலகைச் சுற்றி வெளுத்து நம் வீட்டுச் சுவருக்கு வருகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால், குமரிமாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்துச் சவறையிலும் இதே வகை மணல்தான். ஆனால் திருவிதாங்கூர் மன்னராட்சி மறையுமுன்னரே, 1946இல், அந்தப் பொடியைச் செய்யவென்று திருவனந்தபுரத்தில் ஒரு கம்பனி தொடங்கப்பட்டுவிட்டது.

இதை எடுத்துச் சொன்னால் உடனே எழும் மறுப்புகளையும் நாம் அறிவோம். மின்சாரம் அதிகம் வேண்டும், முதல் பெரிது, அமிலக் கழிவு கடலைக் கெடுக்கும், மீனவன் வாயில் மண் விழும் என்பார்கள். இவற்றில் கடைசி மறுப்பு முற்றிலும் நியாயமானது. அதற்கு விடையின்றி எவரும் அங்கே ஒரு கல்லும் நடக்கூடாது. ஆனால் மற்றவை 60 ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்படுகின்றன. இவ்வளவு காலத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறையை வளர்த்து, இரசாயனம் கற்ற இளைஞரைப் புல்மோட்டைக்கு அனுப்பிச் சிறிய அளவிலேனும் முயன்று பார்த்திருக்கலாம். போரின் முப்பதாண்டுகள் அப்பகுதியை முடக்கின என்பது உண்மையே. அதற்கு முந்திய காலத்துக்கும் பிந்திய காலத்துக்கும் என்ன சமாதானம்?

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அரசு அறிவித்த நாள்களை நாம் மறக்கவில்லை. பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் காரணங்களை நாம் விளக்க வேண்டியதில்லை. அதற்குச் சிலமாதம் முன்னர், 2021 டிசம்பரில், ஈரானிடம் முன்பு வாங்கிய எண்ணெய்க்குரிய 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க உடன்பாடு செய்யப்பட்டது. இறப்பர் கொடுத்து அரிசி வாங்கி 69 ஆண்டுகள் சென்றபின், தேயிலை கொடுத்து எண்ணெய்க் கடன் தீர்க்கும் நிலை. 1952இல் அது சாமர்த்தியம். 2021இல் அதனை அவ்வாறு அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

தைத்த ஆடை 1980களில் தேயிலையை முந்திவிட்டது, ஆகவே பழங்கதை எதற்கு என்பர் சிலர். அந்த ஆடைக்கும் துணியின் பெரும்பங்கு வெளியிலிருந்து வருகிறது. வாங்குபவர் விலையையும் வெளியிலிருந்தே சொல்லுகிறார். பண்டம் புதியது, வினா பழையது.

இவ்வினாவை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும்படி ஆசிரியர்களை வேண்டுகிறோம். இரத்மலானையிலிருந்து களுத்துறை மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றுக்கு ஒரு பகற்பொழுதிற் போய்வரலாம். மாணவர் அதிகாலையிலே போகட்டும். பால் வெட்டுபவரிடம் அன்றைய கூலி எவ்வளவு என்று கேட்கட்டும். ஷீட் வாங்கும் வியாபாரியிடம் இறப்பரின் விலையைக் கேட்கட்டும். திரும்பும் வழியில் காலி வீதிக் கடையொன்றில் டயரின் விலையைக் கேட்கட்டும். அந்த மூன்று எண்களுக்கும் இடையே என்ன நடந்ததென்று தங்கள் சொந்தத் தமிழில் எழுதட்டும். அக்கட்டுரைகளுள் நல்லன நமக்குக் கிட்டுமாயின் இப்பக்கத்திலே இடமளிக்கச் சித்தமாயிருக்கிறோம்.